ஆசிட்டக்காவின் தாழ்ப்பாள்

கட்டட வேலையில் எல்லோருக்கும் எல்லோர் மீதும் கோபம் உண்டு. கொத்தனாருக்குத் தச்சர் மீது, தச்சருக்குப் பெயின்டர் மீது, பெயின்டருக்கு எலெக்ட்ரீஷியன் மீது. குழாய் மாட்டுகிற எனக்கு ரொம்ப காலம் ஒரே ஒருவர் மீதுதான் கோபம். அவர்தான் ஆசிட்டக்கா.

வீடு கட்டி டைல்ஸ் பதித்து முடித்ததும் தரையெல்லாம் சிமெண்ட் படிந்து கிடக்கும். சோப்பு போட்டாலும் அசையாது, சுரண்டினால் டைல்ஸ் கீறிப்போகும். ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து ஊற்றி, நார் வைத்துத் தேய்த்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கென்று இருக்கும் ஆள்தான் அக்கா. கதவு ஜன்னல் எல்லாம் மாட்டிய பிறகு, வீட்டுக்காரர்கள் குடிவருவதற்கு முன்னால், ஆள் அரவமே இல்லாத வீட்டுக்குள் ஒரு வாளியும் இரண்டு கேனுமாக அக்கா நுழைவார். முகத்தில் துணி கட்டியிருப்பார். வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாகவே போய்விடுவார். இந்த ஊரில் பாதி வீடுகளின் தரையை முதலில் பளிச்சென்று பார்த்தவர் அவர்தான். அந்த வீடுகளில் ஒன்றில்கூட நாற்காலி போட்ட பிறகு அவர் போய் உட்கார்ந்ததில்லை.

எங்கள் சண்டை ஒரு குளியலறையில் ஆரம்பித்தது. நான் முதல் நாள் மாட்டிய குழாய்கள் மறுநாள் பார்த்தால் பாலாடை படிந்த மாதிரி மங்கிக் கிடந்தன. வீட்டுக்காரர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார், மட்டமான குழாயை மாட்டி ஏமாற்றிவிட்டேனாம். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேராகப் போய் அக்காவிடம் கத்தினேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவே இல்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் முகத்துத் துணியை இறக்கினார்.

"கத்தி முடிச்சாச்சா? குளிக்கிறதுக்கு முன்னாடியே பவுடர் பூசிக்கிட்டு வந்து நிக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன். ஆசிட் கழுவி முடிச்சப்புறம்தான் குழாய் மாட்டணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"ஆசிட்டைத் தரையிலதானே ஊத்துறீங்க? செவுத்துல இருக்கிற குழாய் எப்படிக்கா கெட்டுப்போகும்?"

"ஊத்தினாத்தான் கெடும்னு இல்ல. அதோட புகை பட்டாலே போதும். கதவைச் சாத்தி வச்சா, அறையில இருக்கிற இரும்பு ஒண்ணு விடாம பிடிச்சுக்கும்."

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. என் பைக்குள் கைவிட்டு ஜிஐ இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்தார். ஜன்னல்காரர் விட்டுப்போன அலுமினியத் துண்டு, ஒரு ஆணி, உடைந்த பித்தளைத் திருகு, எலெக்ட்ரீஷியன் வெட்டிப் போட்டிருந்த செம்புக் கம்பி எல்லாவற்றையும் பெயின்ட் டப்பா மூடியில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் கொஞ்சம் ஆசிட் விட்டார். என் ஜிஐ துண்டு விட்ட நொடியே உஸ்ஸென்று பொங்கியது, அதன் மேல் பூசியிருக்கும் ஜிங்க் அப்படி. ஆணியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது, நிதானமாக, நிற்காமல். அலுமினியம் ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்தது. இதற்கு ஒன்றும் ஆகாது போல என்று நான் வாயைத் திறப்பதற்குள் கொதித்து நுரை தள்ளி மூடியையே சுடவைத்துவிட்டது. பித்தளையும் செம்பும் சத்தமே போடவில்லை. பித்தளையை நாளைக்கு வந்து பார், மஞ்சள் போய் செம்பு நிறம் தெரியும் என்றார் அக்கா. செம்பு அப்படியே கிடந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஜிஐ என்று பேர் வைத்துவிட்டார், தொட்டால் உஸ்ஸென்று சீறுகிறேனாம். காண்ட்ராக்டர் அலுமினியம். காலையில் பல்லைக் காட்டிக்கொண்டு இருப்பார், மத்தியானம் எதற்கென்றே தெரியாமல் கொதிப்பார். டைல்ஸ் பதிப்பவர் இரும்பு. தச்சர் செம்பு, அவரிடம் எதைச் சொன்னாலும் ஏறாது. இத்தனை பேருக்கு வைத்தீர்களே, நீங்கள் யார் என்று ஒருநாள் கேட்டேன்.

"நானா? நான் இந்தக் கேனு. பிளாஸ்டிக். நாள் பூரா அதை உள்ளயே வச்சிருக்கேன், எனக்கு ஏதாவது ஆச்சா பாரு" என்று சிரித்தார்.

ஆகாமல் இல்லை. அக்காவின் பற்கள் கூசும், குளிர்ந்த தண்ணீர் குடிக்க மாட்டார். புடவையில் எப்போதும் பொத்தல் இருக்கும். ஊக்கு குத்த மாட்டார், நாலு நாளில் துருப்பிடித்துத் துணியில் கறை ஏறும் என்று எல்லாவற்றையும் நூலால்தான் முடிந்துகொள்வார். அவர் போன் சார்ஜ் ஏறும் ஓட்டைகூடப் பச்சை பூத்துப் போயிருந்தது. ஒயரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தால்தான் ஏறும். பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரர் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போவார். "நல்லதுதான், காலை நீட்டிக்கலாம்" என்பார் அக்கா. என் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். வாசல்வரை வந்து, என் மனைவி கொடுத்த தண்ணீரை நின்றபடி குடித்துவிட்டு, வேலை இருக்கிறது என்று போய்விட்டார். என்ன வேலை என்று எனக்குத் தெரியும். ஒயரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு உட்காருகிற வேலை.

ஏனென்றால் வாரத்துக்கு ஒருமுறை, வெளிநாட்டிலிருந்து அக்காவின் தம்பி போன் செய்வார்.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது அக்காவுக்குப் புடவை கட்டத் தெரிந்த வயது, அவ்வளவுதான். தம்பி கைக்குழந்தையை விடக் கொஞ்சம் பெரியவன். இடுப்பில் தூக்கிக்கொண்டே கட்டடங்களுக்குச் செங்கல் சுமந்தார். பிறகு ஆசிட் கழுவ யாரும் வருவதில்லை, அதனால் அந்த வேலைக்கு மட்டும் எப்போதும் ஆள் தேவை என்று தெரிந்துகொண்டு அதற்குப் போனார். நடுவில் அவருக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அந்த மனிதருக்கு ஆசிட் வாசனை பிடிக்கவில்லை, மச்சானைப் பார்த்தாலும் பிடிக்கவில்லை, சீக்கிரமே கிளம்பிப் போய்விட்டார். அக்கா அதைக் கொட்டாவி விடுவது போலச் சொல்வார். தம்பி படித்தார், வெளிநாடு போனார், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டார். முதல் சம்பளத்தில் அக்காவுக்கு ஒரு ஜோடித் தங்கத் தோடு வாங்கி அனுப்பினார். மிளகு அளவுதான் இருக்கும். அக்கா உடம்பில் ஆசிட் தொடாதது அந்தத் தோடு ஒன்றுதான்.

"எல்லாரையும் இரும்பு, செம்புன்னீங்களே, உங்க தம்பி என்னக்கா?" என்று கேட்டிருக்கிறேன்.

"அவன் தங்கம்" என்று காதைத் தொட்டுக்கொண்டார். "தங்கத்து மேல ஆசிட்டை ஊத்தினா ஒண்ணுமே ஆகாது ஜிஐ. ஊத்தினதே அதுக்குத் தெரியாது."

அக்கா குடியிருந்தது ஒரு சிமெண்ட் கிடங்கின் பின்னால் ஒட்டிய அறை. முன்னொரு காலத்தில் மூட்டை வைத்த அறை என்பதால் கதவுக்கு வெளிப்பக்கம்தான் கொண்டி இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. படுக்கும்போது ஒரு பழைய கேனில் தண்ணீரை நிரப்பிக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைப்பார். காற்று அடித்தால் கதவு கேனைத் தள்ளும், கேன் தரையில் உரசும், அக்கா எழுந்து உட்கார்வார். ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன் என்று நானே பல தடவை சொன்னேன். நாலு திருகு, சின்ன வேலை.

"இங்க எதுக்குப் போடணும்? இது என்ன நான் இருக்கப்போற இடமா?" என்பார்.

இருக்கப்போகிற இடம் வேறு இருந்தது. தம்பி இந்த ஊரில் வீடு கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளில், போனில், "கீழ ஒரு ரூம் உனக்குத்தான்க்கா, பாத்ரூமோட" என்று சொல்லியிருந்தார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அக்காவுக்கு அது போதுமாக இருந்தது. அஸ்திவாரம் தோண்டியபோது போய் நின்று பார்த்தார், சுவர் எழும்பியபோது பார்த்தார். பின்பக்கம் சின்னதாக ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒட்டினாற்போல் ஒரு குளியலறை. கூரை போடாத அறையில் ஒரு மூலையில் நின்று, "கட்டில் இங்க. வெளிச்சம் மூஞ்சியில அடிக்காது" என்று எனக்குக் காட்டினார். அந்த வீட்டுக்குக் குழாய் வேலையும் எனக்குத்தான் வந்தது. அக்காவின் குளியலறைக்கு மட்டும் வெந்நீர்க் குழாய் தனியாக இழுத்தேன், அவர் பல்லுக்காக.

கதவு மாட்டும் நேரத்தில் அக்கா என்னைக் கடைக்கு இழுத்துப் போனார். தாழ்ப்பாள் வாங்க வேண்டுமாம், பித்தளையில். கடைக்காரர் எடுத்துப்போட்ட ஒவ்வொன்றையும் திருப்பி, அடிப்பக்கம் ஆணியால் கீறி, இடுப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு விடுவார். கீறிய இடத்தில் குமிழ் வந்தால் உள்ளே இரும்பு, மேலே வெறும் பூச்சு. கடைக்காரருக்கு முகம் சிறுத்துவிட்டது. "என்னம்மா, என் சரக்கையெல்லாம் பொங்க வைக்கிறீங்க" என்றார். "பொங்காத சரக்கா எடுங்க" என்றார் அக்கா. கடைசியில் கனமாக, விரல் நீளத்தில், சொட்டு விட்டும் சத்தம் போடாத ஒன்று கிடைத்தது. அதற்குத் திருகுகூடப் பித்தளையில்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார்.

தச்சர் மாட்ட மறுத்துவிட்டார். "அந்த ரூமுக்கு உள் தாழ்ப்பாள் பிளான்ல இல்ல" என்றார். இல்லாவிட்டால் என்ன, போடுங்கள் என்று நான் சீறினேன். செம்புக்கு ஏறவில்லை. சரி போகட்டும் என்று நானே மாட்டினேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தி, போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம். "உள்ள ஒரு ஆள் மட்டும் இருந்து தாழ் போட்டுக்கிறதுல என்னக்கா இருக்கு?" என்று கிண்டல் செய்தேன். "உனக்கு வீட்ல மூணு தாழ்ப்பாள் இருக்கு, நீ பேசாத" என்றார்.

பிறகு ஆசிட் வேலை. தம்பி வீட்டை வேறு யாரையும் தொடவிடவில்லை. ஜன்னல் சட்டம், கீல், கைப்பிடி என்று உலோகம் எதெல்லாம் உண்டோ அதற்கெல்லாம் முதலில் கிரீஸ் தடவினார், பிளாஸ்டிக் சுற்றினார். ஆசிட்டை வழக்கத்தைவிட நீர்க்கக் கலந்து, இரண்டு மடங்கு தேய்த்தார். மேல் மாடியிலிருந்து ஒவ்வொரு அறையாக இறங்கி வந்தார். முட்டிக்காலில் தோல் உரிந்துபோயிருந்தது. கடைசியாக அவர் அறையின் குளியலறை மட்டும் மீதி இருக்கும்போது ஒருநாள் விடுமுறை வந்தது.

அங்கேதான் அக்கா தப்புச் செய்தார். ஆசிட் கேனை மூடிய அறைக்குள் வைக்கக் கூடாது என்பது அவரே எங்களுக்கெல்லாம் ஓதி ஓதிக் காது புளித்த விஷயம். மூடியில் ஊசித் துளை இருக்கும், இல்லாவிட்டால் கேன் உப்பிவிடும், அதன் வழியாகப் புகை கசிந்துகொண்டே இருக்கும். எந்த வீட்டிலும் அவர் கேனை வெளியே நிழலில்தான் வைப்பார். ஆனால் இந்த வீட்டுக்கு இன்னும் கேட் போடவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்தை எடுக்க உள்ளே ஓடி வருவார்கள். கேனை உள்ளேதான் வைத்தாக வேண்டும். எந்த அறையில் வைப்பது என்று யோசித்தார். கூடத்தில் வைத்தால் தம்பியின் ஜன்னல்கள், சமையலறையில் வைத்தால் தம்பி மனைவியின் புது அடுப்பு. தன் அறை என்றால் அங்கே யாருடைய பொருளும் இல்லை. கெட்டால் நாலு கீல் கெடும், அது என் பாடு என்று கேன்களையும் கலந்து மீந்த வாளியையும் அங்கே வைத்துக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளுக்கு மட்டும் இன்னொரு தடவை அழுத்தி கிரீஸ் பூசிவிட்டுப் போனார்.

விடுமுறை முடிந்து காலையில் நானும் அவரும் ஒன்றாகத்தான் வந்தோம். கதவைத் திறந்ததும் நெடி மூக்கைப் பிய்த்துக்கொண்டு போனது. அக்கா ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். புகை கலைந்த பிறகுதான் சுவரோரம் இருந்ததைப் பார்த்தோம். அறை முழுக்க இரும்பு ரேக்குகள். புத்தம் புதியவை. கால்களில் பூசியிருந்த ஜிங்க் மாவு தூவினாற்போல் வெளுத்திருந்தது. போல்ட்டும் நட்டும் செக்கச்செவேலென்று துரு. தட்டுகளின் விளிம்பு நெடுக ஆரஞ்சு நிறக் கோடு.

சாவி வைத்திருந்த பக்கத்து மனைக் காவல்காரரைக் கூப்பிட்டுக் கேட்டோம். "நேத்து கடை வண்டியில வந்துச்சு. இந்த ரூம்லதான் இறக்கணும்னாங்க. நான்தான் கதவைத் திறந்துவிட்டேன், ஒரே நெடி, உடனே திரும்பச் சாத்திட்டேன்" என்றார். நல்ல மனிதர், பொறுப்பாகச் சாத்தியிருக்கிறார்.

அக்கா ரேக்குக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தம்பி வாங்கின சாமானை நானே அழிச்சுட்டேனே ஜிஐ. ஊருக்கெல்லாம் சொல்லுவேன், என் புத்தி எங்க போச்சு" என்று ரேக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். எனக்கு வேறு ஒன்று உறுத்தியது. இத்தனை ரேக் வைத்தால் கட்டில் எங்கே போடுவது? கேட்டேன்.

"வேற எடம் இல்லாம இங்க இறக்கியிருப்பாங்க. மேல கொண்டுபோற ரேக்காயிருக்கும்" என்றார். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது.

அக்கா கையுறை போட்டு வேலையில் இறங்கிய பிறகு போன் அடித்தது. வேலை நேரத்தில் போன் வந்தால் நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேரே பிடிப்பேன், கையுறையால் தொட்டால் போன் போய்விடும். பிடித்தேன்.

"அக்கா, கழுவி முடிச்சாச்சா?"

"இன்னும் ஒரே ஒரு பாத்ரூம்ப்பா. நீ எப்ப வர?"

"அடுத்த வாரம் எல்லாரும் வர்றோம். அக்கா, ஸ்டோர் ரூமுக்கு ரேக் ஆர்டர் பண்ணியிருந்தோமே, வந்துச்சா? இவ கேக்கச் சொன்னா."

அக்கா தேய்ப்பதை நிறுத்தினார். "எந்த ரூமுப்பா?" என்றார்.

"கீழ, பின்பக்கம் சின்னதா இருக்குல்ல, அதுதான். இங்கேர்ந்து கொண்டுவர்ற சாமானே ஏகப்பட்டது இருக்கு, வைக்க எடம் வேணுமே."

"அதுல பாத்ரூமெல்லாம் இருக்கேப்பா."

"அதுவும் நல்லதுதான்க்கா, பாத்திரம் கீத்திரம் கழுவிக்கலாம். ரேக் வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு. கொஞ்சம் தூசியா இருக்கு, துடைச்சு வைக்கிறேன்."

"நீ பாத்துக்கிட்டா எனக்குக் கவலையே இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் ஒரு கபடமும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மறைத்துப் பேசியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். அவருக்கு நினைவே இல்லை.

போனைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றேன். "கையை எறக்கு ஜிஐ, வலிக்கும்" என்றார் அக்கா.

"திரும்பப் போடுறேன், கேளுங்கக்கா. கீழ ரூம் எனக்குன்னு சொன்னியேடான்னு கேளுங்க. இல்ல நான் கேக்குறேன்."

"கேட்டா குடுத்துருவான்."

"அப்புறம் என்ன?"

"அதான் கேக்கல" என்றார்.

அன்று முழுக்க ரேக் துடைத்தார். சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் ஒவ்வொரு தட்டையும் கழுவி, உலர்த்தி, எமரித் தாளால் துருவைத் தேய்த்து எடுத்து, எண்ணெய் பூசினார். சிவந்துபோன போல்ட்டுகளுக்குப் பதில் நான் என் பையிலிருந்த புதியதைப் போட்டேன். சாயங்காலம் ரேக்குகளைச் சுவரோரம் அவரே வரிசையாக நிறுத்தினார். கட்டில் போடுவதாகச் சொன்ன மூலையிலும் ஒன்று நின்றது. பிறகு என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, கதவிலிருந்த தாழ்ப்பாளைக் கழற்றினார். கிரீஸைத் துடைத்ததும் கடையில் வாங்கியபோது இருந்த மஞ்சள் அப்படியே இருந்தது. அந்த அறையில் ஆசிட் தொடாத உலோகம் அது ஒன்றுதான். ஓட்டைகளில் மர மாவையும் பசையையும் குழைத்து அடைத்து, தாழ்ப்பாளையும் திருகுகளையும் ஒரு துணியில் முடிந்து பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கே மாட்டப்போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

அடுத்த வாரம் தம்பி குடும்பத்தோடு வந்தார். சமையலறையில் ஒரு குழாய் ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது கூடத்தில் அக்கா ஒரு புது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நல்ல புடவை, பொத்தல் இல்லாதது. மடியில் அந்தப் பை. பையின் அடியில் துணி முடிச்சு கனமாகத் தொங்கியதைப் பார்த்தேன். திருகு உட்பட எல்லாம் கொண்டுவந்திருக்கிறார் என்று புரிந்தது. தம்பி ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்படியே போய் மாட்டிவிடலாம் என்று.

தம்பி அக்காவைக் கட்டிப்பிடித்தார். தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். பிள்ளைகளை அத்தையிடம் போகச் சொன்னார். பிள்ளைகள் போனார்கள், சின்னது மூக்கைத் தேய்த்துக்கொண்டு திரும்பிவிட்டது. தம்பி மனைவியும் நல்லவர்தான், அக்காவுக்கு இரண்டு தடவை பரிமாறினார். வீடு முழுக்கச் சுற்றிக்காட்டினார்கள். பின்பக்க அறைக்கு வந்தபோது, "ரேக் எல்லாம் என்ன அழகா அடுக்கியிருக்கீங்க அண்ணி" என்றார் அவர். அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சாயங்காலம் வரை இருந்தார். பிறகு, இருட்டுவதற்குள் போகவேண்டும் என்று எழுந்தார். "சரிக்கா, பாத்துப் போ" என்றார் தம்பி.

அவர் போன பிறகு தம்பி என்னிடம் பேச்சுக் கொடுத்தார். "அக்கா இங்கயே வந்து இருக்கலாம். எங்க கேப்பாங்க? தனியா இருந்தே பழகிட்டாங்க."

"கேட்டுப் பாத்தீங்களா?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ நினைவுக்கு வருகிற மாதிரி நெற்றி சுருங்கியது. அதற்குள் மாடியில் பிள்ளைகள் எதையோ உடைத்த சத்தம் கேட்டது, அவர் ஏறிப்போய்விட்டார். நான் குழாயை முடுக்கிவிட்டுக் கிளம்பினேன். அன்றைக்கு என் மனைவியிடம் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா என் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தார். "ஜிஐ, ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கூடவே நடந்தேன்.

கிடங்குக்குப் பின்னால் அந்த அறை. கதவின் உட்பக்க மரம் இற்றுப்போயிருந்தது, திருகு பிடிக்காமல் சுற்றியது. ஒரு பலகைத் துண்டை வைத்து அடித்து அதன் மேல் மாட்டினேன். அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு திருகாக எடுத்துக் கொடுத்தார். நாலாவது திருகை உடனே கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் கை நீட்டியபடி காத்திருந்தேன். பிறகு கொடுத்தார். இத்தனை வருடம் நான் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியும் வேண்டாம் என்ற தாழ்ப்பாள் அது. முடுக்கி முடித்தேன்.

"சாத்திப் பாருங்கக்கா" என்று வெளியே வந்து நின்றேன்.

கதவு மூடியது. தாழ்ப்பாள் வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது, ஒரு பிசிறும் இல்லை. திறப்பார் என்று நின்றேன். உள்ளே, கதவுக்கு முட்டுக்கொடுக்கிற அந்தப் பழைய கேன் தரையில் உரசிக்கொண்டு நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அதிலிருந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டுகிற சத்தம், ரொம்ப நேரம்.

"அக்கா, ஸ்க்ரூ டிரைவர் உள்ள இருக்கு" என்றேன்.

தண்ணீர் சத்தம் நின்றது.

"நாளைக்கு வந்து வாங்கிக்க ஜிஐ" என்றார் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. குரல் சரியாக இல்லை. நான் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.